பிரேக் மாஸ்டர் எடுத்த உறுதிமொழி

பிரேக் மாஸ்டருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, வெளியே புழக்கத்தில் இல்லை. அந்த ஊருக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். மீதிப் பாதி அவரிடம் கற்றுக்கொண்டு, வேறொருவரிடம் போய்த் தேறினார்கள். பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் அதை ஆபத்துக்கு மட்டும் தொடுவார்கள். இவர் தெருவோரத்தில் ஒரு பூனை யோசித்தாலே அமுக்கிவிடுவார்.

"பயப்படாதீங்க. பிரேக் என்கிட்டயும் இருக்கு." புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். பயந்துகொண்டு வந்தவர்களுக்கு அதைக் கேட்டதும் போன உயிர் திரும்பி வரும். நாலு வகுப்பு போனால் அதே பிரேக் அவர்கள் உயிரை வாங்கும்.

காரை விட்டு இறங்கினாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. பேருந்தில் போனால் தரையை அமுக்கும். கல்யாண வீட்டில் யாராவது சாம்பார் வாளியோடு வேகமாக வந்தால் இலைக்குக் கீழே அமுக்கும். வீட்டில் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள அவர் மனைவி முகத்தைப் பார்ப்பதை விட்டுப் பல வருஷமாகிறது. மேசைக்கு அடியில் குனிந்து காலைத்தான் பார்ப்பாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் சொன்ன சொல் தவறமாட்டார். எட்டு மணிக்கு வருகிறேன் என்றால் காய்ச்சலோடாவது வந்து நிற்பார். "மழைக்காலம் முடியறதுக்குள்ள உங்களைத் தேற வைக்கிறேன்" என்று ஒரு ரொட்டிக்கடைக்காரரிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். அந்த மழைக்காலம் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது, ரொட்டிக்கடைக்காரர் தேறவில்லை. எனக்குக் கார் வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்று அவரே கும்பிட்டுக் கேட்டும் மாஸ்டர் விடவில்லை. ஞாயிறு தவறாமல் வாசலில் போய் ஹாரன் அடித்து, கடைசியில் தேற வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அப்படிப்பட்டவரின் வீட்டில் ஒரு சாயங்காலம் மனைவி நனைந்த குடையோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், பத்து விரலையும் அவர் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"பாருங்க. இதுல ரேகை இருக்கா?"

"இருக்கே."

"எங்க இருக்கு? கண்ணாடியைப் போட்டுக்கிட்டுச் சொல்லுங்க."

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வழவழவென்று இருந்தது.

அவள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். வார்டு வார்டாக வந்து குவியும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கறை பார்த்து, வெளுப்பு மருந்தில் போட்டு எடுத்து, கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் ஒரு முனையைக் கொடுத்து மறுமுனையை வாங்க வேண்டும். பிறகு மடிப்பு. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, கையோடு கை சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். நாள் முழுக்க ஒருத்தி முகத்தையே பார்த்து வந்து வந்து விலகுவதில் அவளுக்கும் அவள் கூட்டாளிக்கும் வாய்ப்பேச்சே தேவைப்படாமல் போயிருந்தது. விரல் ரேகையைத்தான் மருந்தும் சூடும் தின்றுவிட்டன.

"இங்க தங்கியிருக்கிறதுக்கான பி.ஆர். கார்டைப் புதுப்பிக்கப் போனேன்ல? மெஷின்ல விரலை வெச்சா எடுக்க மாட்டேங்குது. கவுன்டர் பொண்ணு ஈரத்துணி குடுத்துச்சு, துடைச்சேன். கிரீம் குடுத்துச்சு, பூசினேன். ஊதுங்கன்னுச்சு, ஊதினேன். அப்புறம் உள்ளேருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து, என் விரலைப் பிடிச்சு முறுக்கு பிழியிற மாதிரி அமுக்குறாரு. மெஷின் என்ன சொல்லுது தெரியுமா? இப்படி ஒரு ஆளே இல்லைங்குது."

"போன தடவையும் இப்படித்தானே ஆச்சு."

"அதுக்கு முந்தின தடவையும் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் போய், நான்தாங்க நான்னு கெஞ்சணும். எனக்கு அலுத்துப்போச்சு. நான் சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டுடப் போறேன். நீங்களும் சேர்ந்து போடுங்க."

மேசைக்கு அடியில் கால் தரையை அமுக்கியது. அவள் குனிந்து பார்த்தாள்.

"அமுக்குங்க, அமுக்குங்க. நல்லா அமுக்குங்க."

"பி.ஆர்.ல என்னம்மா குறை? நிரந்தரமா இருந்துக்கோன்னு எழுதியே குடுத்திருக்கான்."

"நிரந்தரம்னா எதுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா என்னை இழுத்தடிக்கிறான்?"

"சிட்டிசன் ஆயிட்டா நம்ம பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுக்கணும். அப்புறம் நம்ம ஊருக்கே நாம விசா கேட்டு நிக்கணும். பி.ஆர்.னா ரெண்டு பக்கமும் கதவு திறந்திருக்கு. நாளைக்கே ஊருக்குப் போய் இருந்துக்கலாம்னு தோணிச்சுன்னா, போயிடலாம்."

"போகப் போறீங்களா?"

"போகலாம்."

"எப்ப?"

"போகணும்னா போகலாம்னு சொல்றேன்."

"இருபது வருஷமா இதையேதான் சொல்றீங்க. பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு பிரேக்கை மட்டும் அமுக்கிக்கிட்டிருக்கீங்க. வண்டியை யாருங்க ஓட்டுறது?"

மகள் உள்ளிருந்து தட்டோடு வந்தாள். அங்கேயே பிறந்தவள், பிறக்கும்போதே அந்த நாட்டுக்காரி. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டில் பெற்றோர் சண்டையை டிக்கெட் வாங்காத நாடகம்போல ரசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஏர்போர்ட்ல நான் ஒரு லைன், நீங்க ரெண்டு பேரும் ஒரு லைன். நான் வெளியே வந்து, பெட்டியெல்லாம் எடுத்து வெச்சு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திரிச்சா, அப்பவும் நீங்க அங்க நின்னுக்கிட்டு எனக்கு டாட்டா காட்டிக்கிட்டிருக்கீங்க. இப்ப அம்மாவும் என் லைனுக்கு வந்தாச்சுன்னா நீங்க தனியா நிக்கணும்."

"நிக்கிறேன்."

"பேச்சுத்துணைக்கு ஆள் இருக்காதுப்பா."

"நான் அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார் மாஸ்டர். அதோடு பேச்சு நின்றது. அந்த வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கே வந்துதான் நிற்கும்.

வாக்குக் கதை இதுதான். அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள் அக்கா. அவர் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில், பஸ் நகரத் தொடங்கிய பிறகும் ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நடந்து வந்தாள். "அங்கேயே தங்கிடாதேடா. அந்த ஊர்க்காரன் ஆகமாட்டேன்னு சொல்லு" என்றாள். சொன்னார். "சத்தமாச் சொல்லு" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, சத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மனைவி மட்டும் குடியுரிமை வாங்குவது. மாஸ்டர் நிரந்தர வசிப்புரிமையோடு, அவருக்குப் பிடித்தமான வரிசையில் நிற்பது. அக்கா காதில் மட்டும் இது விழவே கூடாது.

மளமளவென்று வேலை நடந்தது. தேர்வு எழுதினாள், தேறினாள். உறுதிமொழி எடுக்கும் நாள் வந்து சேர்ந்தது. அதைத்தான் அவளால் மனப்பாடம் செய்ய முடியவில்லை. அந்த நாட்டு மொழியில் நீளமான நாலைந்து வாக்கியம். அதிகாரி முன்னால் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னால் போதும் என்றாலும், கூட்டத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்தாள்.

"வா, நான் சொல்லித் தர்றேன்" என்றார் மாஸ்டர்.

அவருக்குச் சொல்லித் தரத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். காரை ஒரு கிடங்கின் பின்புறத்துக் காலி மைதானத்தில் நிறுத்தி, அவளை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்து, தாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மழை கண்ணாடியில் வழிந்தது.

"கையைத் தூக்கு. தோளுக்கு மேல. முகத்தை நேரா வை. இடது பக்கம் எதுக்குப் பாக்குற?"

"நீங்கதானே எப்பவும் கண்ணாடியைப் பாருன்னு சொல்லுவீங்க."

"அது வண்டிக்கு. இது வாயிக்கு. ஆரம்பி."

ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் நன்றாக வந்தது. நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன், சரி. சட்டத்தை மதிப்பேன், சரி. 'இதுவரை எனக்கு வேறு எந்த நாட்டோடும் இருந்த பற்றையும் கடமையையும் விட்டுவிடுகிறேன்' என்ற இடம் வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

"விட்டுவிடுகிறேன்..." என்று மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார்.

"தெரியுது."

"தெரிஞ்சா சொல்லு."

ஒவ்வொரு நாளும் அதே இடம். ஒவ்வொரு நாளும் அவர்தான் தள்ளிவிட வேண்டியிருந்தது. தள்ளித் தள்ளி அவருக்கு அது தலைகீழாக மனப்பாடம் ஆகிவிட்டது. கார் ஓட்டக் கற்க வந்தவர்களை வளைவில் திருப்பும்போதுகூட வாய் அதை முணுமுணுத்தது. அந்த நாட்டில் குடியுரிமை வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த மனிதர்களில் அந்த உறுதிமொழியை இவ்வளவு சுத்தமாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

இதற்கிடையே அக்கா வழக்கம்போல ஞாயிறு காலை பேசினாள். அவள் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது.

"மாப்பிள்ளை வீட்ல எல்லாருக்கும் உன்னைப் பத்தித்தான் பேச்சு" என்றாள் அக்கா.

"என்னைப் பத்தியா? என்னத்தைப் பேசுறாங்க?"

"நல்லபடியாத்தான் பேசுறாங்க. நீ கல்யாணத்துக்கு வா, தெரியும்."

 மனைவி குடியுரிமைக்குப் போட்ட விஷயம் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். போனை வைத்த பிறகும் கால் அமுக்கிக்கொண்டே இருந்தது.

உறுதிமொழி எடுக்கும் நாளன்று மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டாள். மாஸ்டரும் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, மகளோடு விருந்தினர் வரிசையில் உட்கார்ந்தார். மண்டபத்தில் உட்கார வந்தவர்கள் எல்லாரும் அடிக்கொரு தரம் எழுந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வரிசையாக ஆட்களை மேடைக்கு அழைத்தார்கள். அவள் வரிசை முறை வந்தபோது, குள்ளமானவள் என்று முன்னால் நிற்க வைத்தார்கள். மைக் நேராக அவள் வாய்க்கு வந்தது.

அதிகாரி ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அவள் குரல்தான் மண்டபம் முழுக்கக் கேட்டது. மற்றவர்கள் அதன் பின்னால் ஒண்டிக்கொண்டு சொன்னார்கள். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. எத்தனை பேரைத் தேற வைத்தவர்.

பிறகு அந்த இடம் வந்தது. அதிகாரி சொல்லி முடித்தார். மைக்கில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் நின்றவர்களும் அவளை நம்பி வந்தவர்களாதலால் அவர்களும் நின்றுவிட்டார்கள். அதிகாரி புன்னகையோடு காத்திருந்தார்.

கற்றுக்கொள்ள வந்தவர் நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டால் எந்த ஆசிரியராலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. மாஸ்டர் எழுந்தார். பழக்கதோஷத்தில் கையைத் தோளுக்கு மேல் தூக்கினார். முகத்தை நேராக வைத்துக்கொண்டார். பின்னால் நிற்கும் லாரிக்காரனுக்கும் கேட்கும் குரலில், அட்சரம் பிசகாமல், வேறு எந்த நாட்டோடும் தமக்கு இருந்த பற்றையும் கடமையையும் விட்டுவிட்டார். அவள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். நகர்ந்த வண்டியைப் பாதியில் விட முடியுமா? கடைசி வரைக்கும் கூடவே சொல்லி முடித்தார்.

மண்டபம் கை தட்டியது. இடம் மாறி உட்கார்ந்துவிட்ட புதுக் குடிமகன் என்று அவரை நினைத்துக்கொண்ட ஒரு அதிகாரி ஓடி வந்து கை குலுக்கி, வாழ்த்துச் சொல்லி, சின்னக் கொடி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மகள் நாற்காலியில் சரிந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். மாஸ்டர் கொடியைப் பிடித்தபடி உட்காரக்கூட இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி மெதுவாகச் சொன்னாள். "மறக்கலைங்க. அந்த இடத்தைச் சொல்ல மனசு வரல."

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"நான் சொல்லிட்டேன்ல?" என்று கேட்டார்.

"என்ன?"

"முழுசாச் சொல்லிட்டேன்ல? கடைசி வரைக்கும்?"

"அப்பா, நீங்க பார்வையாளர்" என்றாள் மகள். "சட்டப்படி அது செல்லாது."

"சட்டத்தை விடு. வாய்ப்படி?"



அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டு வாக்கு, ரெண்டும் சத்தமாக, ரெண்டும் நாலு பேர் கேட்கச் சொன்னது. ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போய்விடும். ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் கொடியைப் பையில் வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே போனார். கவுன்டரில், மனைவியின் விரலை ஊதச் சொன்ன அதே பெண் இருந்தாள்.

உறுதிமொழியைத் தவறுதலாகச் சொல்லிவிட்டேன், திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டார்.

அவள் கணினியில் தேடினாள். உங்களிடமிருந்து நாங்கள் எதையும் வாங்கிக்கொள்ளவே இல்லையே, எதைத் திருப்பிக் கொடுப்பது என்றாள். கொடியை நீட்டினார். அதைக் குழந்தைகள் யாருக்காவது கொடுங்கள் என்று சிரித்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. மாஸ்டர் கொடியோடு திரும்பி வந்தார்.

வகுப்பிலும் கால் சரியாக வேலை செய்யவில்லை. கற்றுக்கொள்ள வந்த ஒரு மருந்துக்கடைப் பெண் வண்டியை நடுரோட்டில் ஏற்றிக்கொண்டு போகிறாள், இவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். "மாஸ்டர், உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே? இன்னிக்கு ஒரு தடவைகூட பிரேக் போடலையே" என்று அவளே பயந்துபோய்க் கேட்டாள்.

ஞாயிறு வந்தது. இனி மறைப்பதில் பயன் இல்லை என்று தீர்மானித்து, அக்கா கூப்பிடும்முன் அவரே கூப்பிட்டார். மனைவியும் மகளும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கரைப் போட்டார்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"யாரையாவது இடிச்சிட்டியா?"

"இல்லக்கா."

"வீட்ல சண்டையா? அவளைக் கூப்பிடு, நான் பேசுறேன்."

"நான் இங்கதான் இருக்கேன் அண்ணி" என்றாள் மனைவி. "சண்டையெல்லாம் இல்ல. அவர் சொல்றதைக் கேளுங்க."

"பஸ் ஸ்டாண்டுல உனக்கு ஒரு வாக்குக் குடுத்தேன்ல அக்கா? இந்த ஊர்க்காரன் ஆகமாட்டேன்னு? அதை மீறிட்டேன். இவளுக்கு எடுத்துக் குடுக்கப் போயி, சபையில வாய்விட்டுச் சொல்லிட்டேன். கை குலுக்கிட்டாங்க. சட்டப்படி ஆகலக்கா. சத்தியமா நான் இன்னும் பி.ஆர்.தான். ஆனா சொல்லிட்டேன்."

 மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னடா சொன்னே? சட்டப்படி ஆகலையா?"

"ஆகலக்கா."

"அடப் பாவி! நீ இன்னும் சிட்டிசன் ஆகலையா?" அக்காவின் குரல் போனைப் பிளந்தது. "ஏழெட்டு வருஷமா நான் தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேனேடா, என் தம்பி அந்த நாட்டுக்காரனாவே ஆயிட்டான்னு! சம்பந்தி வீட்டுலயும் அதைத்தானே சொன்னேன். இப்பப் போயி இல்லைங்கிறியே, என் மானம் என்னாகுறது?"

மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

"ஆகக்கூடாதுன்னு நீதானேக்கா வாக்கு வாங்கினே?"

"வாங்கினேன். இல்லைங்கல."

"அப்புறம் ஏன் ஊர்ல அப்படிச் சொன்னே?"

 எங்கோ குக்கர் சத்தம் கேட்டது.

"முதல்ல எல்லாரும் கேப்பாங்கடா, தம்பி எப்ப வர்றான்னு. இந்த வருஷம் வந்துடுவான்னு சொல்லுவேன். அடுத்த வருஷமும் அதையே சொல்லுவேன். அப்புறம் கேக்குறவங்களுக்கே கூச்சமாப் போச்சு. ஒண்ணும் கேக்காம, பாவமேன்னு ஒரு பார்வை பாத்துட்டுப் போவாங்க. எனக்கு அது தாங்கல. வரமாட்டேங்கிறான்னு சொல்ல வாய் வரல. சிட்டிசன் ஆயிட்டான்னு சொல்லிட்டேன். அதோட விட்டுட்டாங்க. பெருமையாக்கூடப் பேசிக்கிட்டாங்க."

சிரித்துக்கொண்டிருந்த மனைவி நிறுத்திவிட்டாள். மகளும் தலையணையிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"நீ எனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்க்கா" என்றார் மாஸ்டர். குரல் சின்னப் பையனுடையதுபோல இருந்தது.

"காத்துக்கிட்டுத்தான்டா இருந்தேன். எத்தனை நாளைக்கு வாசல்லயே நிக்கிறது? உள்ள வந்து உலை வெக்க வேண்டாமா? அழாதே. நீ அழுதா எனக்கு இங்க குழம்பு தீஞ்சுபோயிடும். கல்யாணத்துக்கு வா. எந்த பாஸ்போர்ட்டைக் காட்டி வந்தாலும் சரி, தாய்மாமனா வந்து முன்னால நில்லு. நின்னுட்டுப் போயிடு. அது போதும் எனக்கு."

"வர்றேன்க்கா."

"இந்த வர்றேன் பழைய வர்றேனா, புது வர்றேனா?"

"புதுசுக்கா. சத்தமாச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். டிக்கெட் போட்டுட்டுச் சொல்லு. அப்படியே அந்தச் சிட்டிசன் காரியத்தையும் சீக்கிரம் முடி. என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதே."

போனை வைத்தார். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். கால் தரையில் சும்மா கிடந்தது.

டிக்கெட்டை அன்றே போட்டார்கள். கல்யாணத்துக்குப் பழைய பாஸ்போர்ட்டிலேயே போய், தாய்மாமனாக முன்னால் நின்று, யார் கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது ஏர்போர்ட்டில் மனைவியும் மகளும் ஒரு வரிசையில் சட்டென்று போய்விட்டார்கள். அவர் இன்னொரு வரிசையில், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், கண்ணாடிக்கு அப்பால் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்த அவர்களைப் பார்த்தபடி நின்றார். டாட்டா காட்ட ஏனோ கை வரவில்லை. அடுத்த வாரமே குடியுரிமைக்கு மனு போட்டார்.

அவர் முறை வந்தபோது மறுபடி மழைக்காலம். கிடங்கின் பின்புறத்துக் காலி மைதானத்தில் கார் நின்றது. இந்த முறை ஸ்டியரிங்குக்கு முன்னால் மாஸ்டர். பிரேக் இருக்கும் பக்கத்து இருக்கையில் மனைவி.

"கையைத் தூக்குங்க. தோளுக்கு மேல" என்றாள்.

"எனக்கே சொல்லித் தர்றியா? எனக்கு அது தலைகீழாத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுங்க."

கையைத் தூக்கினார். முகத்தை நேராக வைத்துக்கொண்டு கடகடவென்று ஆரம்பித்தார். விசுவாசமாக இருப்பேன். சட்டத்தை மதிப்பேன். இதுவரை எனக்கு வேறு எந்த நாட்டோடும் இருந்த...

வண்டி நின்றுவிட்டது.

வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். கை தூக்கியபடியே இருந்தது. எடுத்துக் கொடுப்பாள் என்று பார்த்தார். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

"மறக்கலம்மா" என்றார்.

"தெரியும்."

அவள் தன் ரேகையில்லாத கையால் அவர் முழங்காலைத் தொட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலைத் தன் பக்கத்துப் பிரேக்கின்மேல் வைத்தாள்.

"பயப்படாதீங்க. பிரேக் என்கிட்டயும் இருக்கு."

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.